சொளகும் ஊஞ்சலும்: ஓ.டி. மையம் தொடங்குவோர் கேள்வி–பதில்

ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி. – உண்ண, உடுத்த, எழுத என்று அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்துவிட்டு நெல்லை, தென்காசிப் பக்கம் சொந்தமாக மையம் தொடங்க நினைக்கும் சிறுபான்மைச் சமூகத்து வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறோம். குழந்தைகளுக்கும் கைக்கும் சிகிச்சை தரும் ஓ.டி.க்களும், கடன் விண்ணப்பங்களைத் தயாரித்துப் பழகிய கணக்கர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பி.ஓ.டி. பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வட்டிக்குக் கடனே வாங்கக் கூடாது என்கிறார்கள் வாப்பா. 10 லட்சம் இல்லாமல் மையம் போட முடியாது என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?
– வாசகி, மேலப்பாளையம்

வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். கணக்கை மட்டும் நாங்கள் சொல்கிறோம். 10 லட்சம் இல்லாமலே தொடங்கலாம் தங்கச்சி. முதல் ஆறு மாதம் இடமே வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுங்கள். ஒரு பை போதும்: மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும் கோணமானி, கைக்குப் பலம் வரப் பிசையும் தெரபி புட்டி மூன்று பதத்தில், வெல்க்ரோ உருளை, கரண்டிப் பிடியைத் தடிமனாக்கும் ஸ்பாஞ்சுக் குழாய், சிறு கத்தரி, மரக்குச்சிப் பலகை, மதிப்பீட்டுப் படிவங்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர்களும், கழுத்து நிற்காத சிறு பிள்ளைகளும் வீட்டை விட்டு வர முடியாதவர்கள். மேலப்பாளையத்தில் பெண் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வருகிறார் என்றால், இதுவரை எங்கேயும் காட்டாத வாப்புச்சிமார்களையும் உம்மாமார்களையும் காட்டுவார்கள்.

வீட்டில் பார்த்தால்தான் உண்மையான தடையும் தெரியும். குளியலறைப் படி எத்தனை அங்குலம், சோற்றுத் தட்டு எவ்வளவு வழுக்குகிறது, பாயிலிருந்து எழ எதைப் பிடிக்கிறார் என்பதெல்லாம் மையத்தில் உட்கார்ந்துகொண்டு தெரியாது.

இடம் எடுக்கும் முன் கீழே உள்ள கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக வாடகை 8,000, உதவியாளர் சம்பளம் 10,000, மின்சாரம் 2,500, மற்றவை 2,500, உங்கள் சம்பளம் 25,000. மொத்தம் 48,000 ரூபாய். ஒரு அமர்வுக்கு 400 ரூபாய் என்றால் மாதம் 120 அமர்வு. 24 வேலை நாளில் தினம் 5 பேர். 6 லட்சம் கடனை 6 சதவீத வட்டியில் 5 ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 11,600 ரூபாய். அதற்கே இன்னும் 29 அமர்வு வேண்டும். தினம் ஒன்றிரண்டு பிள்ளைகள் கூடுதலாக வந்தால்தான் கடன் தாங்கும். வருவதாகச் சொன்னவர்களில் சிலர் வராமல் போவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் 5 பேர் நிலையாக வரத் தொடங்கிய பிறகு கடனைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் வீட்டுச் சிகிச்சையில் சேர்ந்த பணமும் உறவினர் தரும் கைமாற்றும் போதுமானதாக இருந்தால் வாப்பாவின் மனசும் நிம்மதி, உங்கள் தொழிலும் நிம்மதி.

ரமலான் மாதத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். காலை 7 முதல் 11 வரை நிரம்பும், பிற்பகல் காலியாகிவிடும். அந்த மாதத்தின் வாடகையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

சிறுபான்மையினருக்கான கடன்களில் எது ஓ.டி. மையத்துக்குப் பொருந்தும்? எங்கே அலைய வேண்டும்?
– வாசகர், வள்ளியூர்

முக்கியமாக இரண்டு வழி. ஒன்று டாம்கோ, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். தனிநபர் கடனில் திட்டம் 1-க்குக் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், 6 சதவீத வட்டியில் 20 லட்சம் வரை கிடைக்கும். திட்டம் 2-க்கு வருமான வரம்பு 8 லட்சம், கடன் 30 லட்சம் வரை, வட்டி ஆண்களுக்கு 8 சதவீதம், பெண்களுக்கு 6. இவை உச்சவரம்புகள்தான். கையில் வருவது உங்கள் திட்ட அறிக்கையையும் ஜாமீனையும் பொறுத்தது. விண்ணப்பம் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் கூட்டுறவு வங்கிகளிலும் கிடைக்கும். மதத்துக்கான சான்று, ஆதார், வருமானச் சான்று, ரேஷன் கார்டு அல்லது இருப்பிடச் சான்று, திட்ட அறிக்கை ஆகியவற்றோடு போங்கள். விண்ணப்பிக்கும் நாளில் வரம்புகளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று பி.எம்.இ.ஜி.பி., அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், மாவட்டத் தொழில் மையம் வழியாக. 2022 திருத்தத்தின்படி சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. சிறுபான்மையினரும் பெண்களும் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். அதனால் மையம் நகர எல்லைக்குள்ளா, பக்கத்து ஊராட்சியிலா என்பதை முகவரி எடுக்கும் முன்பே யோசியுங்கள்.

பலர் ஏமாந்து நிற்பது மானியம் பற்றிய புரிதலில். அது உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் கடன் கணக்கின் பேரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும், மையம் நடக்கிறது என்று உறுதியான பிறகே கடனில் கழியும். மானியப் பணத்தில் ஊஞ்சல் வாங்கலாம் என்று திட்டமிட்டவர்கள் நடுவழியில் நிற்பார்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சில்லறைப் பிழைகள்தான். ஆதாரில் ஒரு பெயர், பட்டச் சான்றில் தகப்பனார் பெயர் முன்னால் ஒட்டிய இன்னொரு பெயர். விலைப்பட்டியலில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இல்லை. கடன் அனுமதி வருவதற்கு முன்பே சாமான் வாங்கியாகிவிட்டது. பி.எம்.இ.ஜி.பி. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான், ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்குக் கிடையாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, கவனம்.

வாடகைக்கு இடம் கேட்டுப் போனால் பெயரைக் கேட்டதும் "பேசியாச்சு" என்கிறார்கள். "அந்த மாதிரிப் பிள்ளைகள்" வரும் இடம் என்றதும் இன்னும் முகம் மாறுகிறது.
– வாசகி, பேட்டை

இது இரட்டைச் சுமை, உங்கள் கோபம் நியாயமானது. குடியிருப்புத் தெருவில் மாடி வீடு தேடுவதை விடுங்கள். மருந்துக்கடை, ஆய்வகம், பல் மருத்துவர் இருக்கும் வணிகக் கட்டடங்களில் தரைத்தளமாகக் கேளுங்கள். அங்கே நோயாளிகள் வந்துபோவது வழக்கம்தான், உரிமையாளருக்குத் தயக்கம் குறைவு. சக்கர நாற்காலி வரும் இடத்துக்கு மாடி எப்படியும் ஆகாது. என்ன மையம், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வருவார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு தெரிந்து காலி செய்யச் சொல்வதைவிட முதல் நாளே மறுக்கட்டும். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தோடு போனால் ஐந்தாண்டுக் கடன் தரும் வங்கி தயங்கும். குறைந்தது 3 ஆண்டு கேளுங்கள்.

புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கு (அசைவு, தொடுதல் போன்ற உணர்வுகளை ஒழுங்காகக் கையாளப் பிள்ளையைப் பழக்குவது) ஊஞ்சல் மாட்ட வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஃபேன் கொக்கி கனமாகத்தான் இருக்கிறது. அதில் மாட்டலாமா?
– வாசகர், கடையநல்லூர்

வேண்டவே வேண்டாம். ஃபேன் கொக்கி அசையாத பாரத்துக்குப் போட்டது. 30 கிலோ பிள்ளை வீசி ஆடும்போது கொக்கியில் விழும் இழுப்பு 30 கிலோவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும், அதுவும் திசை மாறி மாறி விழும். கான்கிரீட்டுக்குள் அந்தக் கம்பி எவ்வளவு ஆழம், எவ்வளவு துரு என்பது யாருக்கும் தெரியாது. கூரையில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிப்பதும் சரியில்லை. தினமும் ஆடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். மரக்கட்டையும் செங்கலும் வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். மொட்டைமாடி வரை துளைத்து மேலே தகடு வைத்து முடுக்கும் முறை உறுதியானது. ஆனால் உங்கள் பக்கம் சாரலும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அந்தத் துளை வழியே நீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

வெல்டிங் பட்டறையில் தனியாக நிற்கும் இரும்புச் சட்டம் செய்வதே நல்லது. இருபுறமும் "ஏ" வடிவக் கால், 2 அங்குலக் கனமான பைப். மேலே குறுக்குப் பைப் 3 அங்குலம். உயரம் ஏழரை அடி, நீளம் 7 அடி, கால் விரிவு ஐந்தரை அடி. கால்களை அடியில் இன்னொரு பைப்பால் இணைத்து, முடிந்தால் தரையோடு போல்ட் போடுங்கள். அறை 12க்கு 15 அடிக்குக் குறையக் கூடாது. ஊஞ்சல் வீசும் திசையில் சுவர், ஜன்னல் விளிம்பு, மேசை எதுவும் எட்டக் கூடாது. ஊஞ்சல் பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 30க்கு 30 அங்குலம், விளிம்பு நான்கிலும் ஃபோம் வைத்து ரெக்சின் தையல். கயிறு 12 மி.மீ., நடுவே சுழல் கொக்கி.

"எஸ்" கொக்கி போட்டுத் தரப் பட்டறைக்காரர் சுலபம் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்த வாய் நாளடைவில் விரியும், ஒருநாள் கயிறு நழுவும். மூடிய வளையமும் திருகிப் பூட்டும் கராபினர் கொக்கியும்தான் போட வேண்டும். சட்டத்தையும் கொக்கியையும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். பிறகு இரண்டு பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆடி, வெல்டிங் இணைப்பு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை கயிற்றின் முடிச்சை விரித்துப் பார்க்க வேண்டும். கயிறு நைவது வெளியே தெரியும் இடத்தில் அல்ல, முடிச்சுக்குள்ளே.

பிள்ளையை ஏற்றும் முன் வலிப்பு உண்டா என்று கேளுங்கள். ஆடும்போது முகம் வெளுத்தாலோ, வேர்த்தாலோ, கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ உடனே நிறுத்துங்கள். முதல் வாரங்களில் ஒரு தடவைக்குச் சில நிமிஷம் போதும். சுற்றிவிடுவதன் விளைவு சில பிள்ளைகளுக்குச் சாயங்காலம்தான் வாந்தியாகவோ அடங்காத அழுகையாகவோ தெரியும். அன்று ராத்திரி எப்படித் தூங்கினான் என்று மறுநாள் அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பெருநகர மையங்களில் இருக்கும் வெளிநாட்டுச் சாமான்கள் இல்லாமல் பெற்றோரை எப்படி நம்ப வைப்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

உங்கள் ஊரிலேயே கடைசல் மரச் சொப்புச் சாமான் இருக்கும்போது என்ன கவலை? குட்டி அம்மியும் உரலும் உலக்கையும் இரண்டு கையையும் ஒன்றாக வேலை வாங்கும், விளையாட்டும் பிள்ளைக்குப் புரியும். மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு மட்டும், ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்த எதையும் எடுத்துவிடுங்கள், விழுங்கிவிடும். காருகுறிச்சிக் களிமண்ணைச் சலித்துப் பிசைந்து பாலித்தீனில் சுற்றி வைத்தால் தெரபி புட்டிக்கு மாற்று. தண்ணீரைக் கூட்டிக் குறைத்து மூன்று பதம் வைத்துக்கொள்ளலாம். கையில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பத்தமடைக் கோரைப்பாய், தென்னை நார்ப்பாய், சாக்கு, மணல் நிரப்பிய தட்டு ஆகியவற்றை வரிசையாகப் போட்டால் பாதத்துக்கு வேறு வேறு தொடுஉணர்வு தரும் நடைபாதை.

பெற்றோர் நம்புவது சாமானைப் பார்த்து அல்ல. "மூன்று மாதத்தில் சட்டைப் பொத்தான் இரண்டைத் தானே போடுவான்" என்று ஒரே ஒரு இலக்கை முதல் நாள் எழுதிக் கொடுத்து, மூன்றாம் மாதம் அதே தாளை எடுத்துக் காட்டுங்கள்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்காமார் கட்டைவிரல் வலியோடு வருகிறார்கள். ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் அச்சு) செய்து கொடுத்தாலும் போடுவதில்லை.
– வாசகர், ஆலங்குளம்

பீடி சுற்றுவதற்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். "ஒரு மாதம் கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் ஸ்பிளின்ட்டோடு வேலைமுறையையும் மாற்ற வேண்டும், அதுதான் நம் தொழில்.

முதலில் பிரித்தறியுங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது கட்டைவிரல் அடியில் சுரீர் என்று வலித்தால் அது டி குவெர்வெய்ன் எனப்படும் தசைநாண் உறை அழற்சியாக இருக்கலாம். ராத்திரி கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் மரத்து, கையை உதறி எழுகிறார் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தம். முதலாவதற்குக் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் தாங்கும் ஸ்பிளின்ட், கட்டைவிரல் நுனி மூட்டு மடங்கும்படி விட்டு. இரண்டாவதற்கு மணிக்கட்டை நேராக வைக்கும் இரவு ஸ்பிளின்ட். வீக்கம் சிவந்து காய்ச்சல் இருந்தாலோ, ஆறு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தெர்மோபிளாஸ்டிக் தகடு 3.2 மி.மீ. போதும். முதலில் செய்தித்தாளில் மாதிரி வெட்டி அவர் கையில் வைத்துப் பாருங்கள், தகடு விலை கூடியது, வீணாக்க முடியாது. நீளம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு, அகலம் கையின் சுற்றளவில் பாதி. 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிஷத்தில் இளகும். பாத்திரத்தின் அடியில் ஒரு வலைத்துணி போட்டால் ஒட்டாது. எடுத்துத் துடைத்து, உங்கள் கையில் சூடு பார்த்துவிட்டு அவர் கையில் படிய விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வரும், இன்னும் ஆற விடுங்கள். விளிம்பை வெளியே மடக்குங்கள். அரைமணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்த தடம் 20 நிமிஷத்தில் மறைகிறதா என்று பாருங்கள். மறையாவிட்டால் அந்த இடத்தை மறுபடி சூடாக்கி விரியுங்கள். இதைச் செய்யாமல் அனுப்பிய ஸ்பிளின்ட்டுகள்தான் பரணில் கிடக்கின்றன.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை: கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, பைக் டேங்க் மேலோ வைத்தால் அது கோணிவிடும். துணிப்பையில் போட்டு நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

வேலைமுறைக்கு வருவோம். சொளகைத் தொடையில் வைத்துக் குனிந்தபடி சுற்றுகிறவரைச் சுவரில் சாய்ந்து உட்காரச் செய்து, சொளகுக்கு அடியில் தலையணையோ மணையோ வைத்து முழங்கை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கத்தரிப் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள், விரல் அழுத்தம் குறையும். இலை காய்ந்திருந்தால் வெட்டவும் சுற்றவும் அதிக பலம் வேண்டும், ஈரத்துணியில் நன்றாகப் பதமாகட்டும். ஒரே மூச்சாக இலை முழுவதையும் வெட்டிவிட்டுச் சுற்ற உட்காராமல், கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் சுற்று, கொஞ்சம் முனை மடக்கு என்று அரைமணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிளின்ட்டைச் சுற்றும் நேரத்தில் போடச் சொல்லாதீர்கள், முடியாது. சமையல் முடிந்து படுக்கப் போகும்போதும் வேலை இல்லாத நேரத்திலும் போடட்டும்.

என்னென்ன பதிவு வேண்டும்? ஆர்.சி.ஐ. எண் கேட்கிறார்களே?
– வாசகி, தென்காசி

ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளருக்கு. அவர்களை வேலைக்குச் சேர்த்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஓ.டி. வருவது 2021ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியோ மறுவாழ்வோ தரும் மையம் என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். மருத்துவ நிறுவனப் பதிவு பற்றி மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஸ்பிளின்ட், நாற்காலி என்று தனியாகப் பொருள் விற்றால் அது வேறு கணக்கு.

ரசீது எப்போதும் பெயர், தேதி, சிகிச்சை விவரம், முத்திரையோடு கொடுங்கள். நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வரை காப்பு உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. சரியான ரசீது இல்லாமல் பெற்றோரின் பணம் நின்றுபோவது வருத்தமான விஷயம்.

போர்டில் "ஆக்குபேஷனல் தெரபி" என்று போட்டால் வேலை வாங்கித் தருவீர்களா என்று கேட்டு வருகிறார்கள்!
– வாசகர், ஏர்வாடி

பெயருக்குக் கீழே தமிழில் இரண்டு வரி சேருங்கள்: "எழுத, உண்ண, உடுத்த, உட்கார, விளையாடச் சிரமப்படும் பிள்ளைகளுக்கும், பக்கவாதம், கை காயத்துக்குப் பின் அன்றாட வேலைக்குத் திரும்புவோருக்கும் பயிற்சி." "ஆட்டிசம் குணமாகும்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

எங்கள் ஜமாஅத்தில் அறிமுகம் செய்தால் நம் ஆட்கள் மட்டும் வரும் மையம் என்று பெயராகிவிடுமோ என்று பயம்.
– வாசகி, மேலப்பாளையம்

நியாயமான பயம். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஓர் அறிவிப்பும் பெண்கள் மதரஸாவில் ஒரு பேச்சும் முதல் கதவைத் திறக்கும். அதே மாதத்தில் குழந்தை மருத்துவர்கள், எலும்பு மருத்துவர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள் என்று பத்துப் பேரை நேரில் பாருங்கள். ஒருபக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தப் பிள்ளையை அனுப்பலாம், எதை நாங்கள் செய்வதில்லை, எப்போது அறிக்கை தருவோம். அவர்கள் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஆறு வாரத்தில் ஓர் அறிக்கை திரும்பப் போக வேண்டும். பதில் வராத இடத்துக்கு மருத்துவர் மறுபடி அனுப்ப மாட்டார். உதவியாளராக வேறு சமூகத்துப் பெண் ஒருவரைச் சேர்ப்பது, வரவேற்பறையிலேயே எல்லோருக்குமான இடம் இது என்று காட்டிவிடும். பெண்களுக்கு மட்டுமான நேரம் என்று வாரத்தில் இரண்டு பிற்பகலை ஒதுக்குங்கள். அது எல்லாச் சமூகத்துப் பெண்களுக்கும் தேவைப்படுகிறது.

இலவசமாகக் கிடைப்பதை மறைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் விழுதுகள் மையங்கள் உண்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு, ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பணம் கட்ட முடியாத குடும்பத்தை அங்கே கடிதத்தோடு அனுப்பி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை மட்டும் நீங்கள் மாதம் ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள்.